படத்தைச் சுருக்கும் வகை

கைப்பேசியில் பிடித்த படத்தைப் பள்ளிக்கூட விண்ணப்பத்துடனோ உரிமம் புதுப்பிக்கும் மனுவுடனோ இணைக்கப் போனால், ‘படம் பெரிது’ என்று கணினி தள்ளிவிடுகிறது. இதற்காக நம்மவர் கடை தேடி அலைந்து காசு கொடுக்கிறார்கள். சூட்சுமம் தெரிந்தால் அந்த அலைச்சல் வேண்டியதில்லை.

படமென்பது நுண்புள்ளிகளின் கூட்டம். 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரமென்றால் மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம். புள்ளி ஒன்றுக்கு 3 பைட் வீதம் 36 மெகாபைட் ஆகிறது. ஆயினும் அது நாலைந்து மெகாபைட்டில் அடங்கியிருப்பது எப்படி? ஜேபெக் என்னும் முறையால்தான். 1992-ல் வகுக்கப்பட்ட இம்முறை, படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பகுத்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. இதற்கு ஆதாரமான கணிதத்தை 1974-ல் வெளியிட்ட மூவரில் ஒருவர் பெங்களூரில் பிறந்த நாசிர் அஹ்மத். இதே ஆராய்ச்சிக்கு 1972-ல் அவர் கேட்ட பணத்தை அமெரிக்க தேசிய அறிவியல் நிதியம் தர மறுத்துவிட்டது!

செய்ய வேண்டியது இதுதான். முதலில் வேண்டாத ஓரங்களை வெட்டிவிடுங்கள். பிறகு அகல உயரங்களைக் குறையுங்கள். இரண்டையும் பாதியாக்கினால் புள்ளிகள் கால்வாசியாகிவிடும். இன்னும் பெரிதாயிருந்தால் ‘தரம்’ என்ற எண்ணை 80க்கு இறக்கலாம், கண்ணுக்கு அவ்வளவாக வித்தியாசம் தெரியாது. 30க்குப் போனாலோ முகமெல்லாம் கட்டங்கட்டமாகிவிடும். கணினித் திரையைப் பிடித்த எழுத்துப் படங்களுக்கு மட்டும் பிஎன்ஜி முறையே நல்லது. ஜேபெக்கில் எழுத்தோரம் அழுக்குப் படிந்தாற்போல் தெரியும்.

ஒன்றை மறக்கலாகாது. கழித்தது திரும்ப வராது. ஒரே படத்தைத் திருத்தித் திருத்தி ஜேபெக்காகச் சேமிப்பது, அரிசியை ஓட்டைச் சல்லடையில் மறுபடி மறுபடி சலிப்பதற்கு ஒப்பாகும். ஆகவே அசலைப் பத்திரப்படுத்தி, நகலையே சுருக்க வேண்டும். கப்பலேறி இங்கு வந்த நம் பாட்டனார்களின் படங்கள் பல வீடுகளில் ஒன்றே ஒன்றுதான் இருக்கின்றன. அவற்றைப் பிரதியெடுப்போர் பெரிய அளவிலேயே எடுத்து வையுங்கள். 6 அங்குல அகலத்தில் தெளிவாக அச்சிட, அங்குலத்துக்கு 300 வீதம் 1800 புள்ளிகள் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடுகிறது. நம் இதழுக்கு அனுப்புகிறவர்கள் ‘டாக்குமெண்ட்’ என்பதைத் தேர்ந்து அனுப்பினால் அசல் அப்படியே வந்து சேரும்.