‘இல்லை’ என்று எழுதும் முன்

பள்ளி வளாகத்துப் பாலூட்டிகளைக் கணக்கெடுக்கச் சொன்னால் மாணவர்கள் அணில், நாய், பூனை என எழுதுவார்கள். எலிக்கு நேரே ‘இல்லை’ என்பார்கள். (சத்துணவுக் கூடத்தில் கேட்டால் வேறு விடை வரும்!) இந்த ‘இல்லை’யைப் பற்றி ஒரு பாடவேளை பேசலாம்.

கலிபோர்னியாவின் தெற்குக் கடலோர மணற்பாங்கில் பசிபிக் கன்னப்பை எலி வாழ்கிறது. எடை 10 கிராமுக்கும் குறைவு. விதைகளைக் கன்னப்பையில் சுமந்து செல்லும். வீடுகளும் சாலைகளும் பெருகியதால் அது அழிந்துவிட்டதாகவே கருதினர். 1993இல் டானா பாயிண்ட்டில் மீண்டும் தென்பட்டது. பின்னர் கேம்ப் பெண்டில்டன் கடற்படைவீரர் பயிற்சித் தளத்திலும் கண்டறிந்தனர். பயிற்சி வாகனங்கள் ஓடும் நிலம்தான். ஆனாலும் அங்கே நகரம் எழவில்லை.

இது இரவில் நடமாடும். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வளைக்குள் கிடக்கும். ஓரிரவு பொறி காலியாக இருந்தால் எலியே இல்லை எனலாமா? அதனால் தளத்தில் குழாய்களை வைத்தார்கள். உள்ளே விதை, மை, அட்டை. தின்ன வரும் எலி கால்தடம் பதித்துப் போகும். மற்ற எலிகளின் தடத்தைவிடச் சிறியது என்பதால் அடையாளம் தெரியும். ஒரே இடத்தைப் பலமுறை பார்ப்பதால், எலி இருந்தும் தடம் கிடைக்காமல் போகும் வாய்ப்பையும் கணக்கிட முடிகிறது.

நம் வகுப்புக்கு அட்டைக் குழாய், விளக்குக்கரி குழைத்த தேங்காய் எண்ணெய், வெள்ளைத்தாள், கொஞ்சம் கம்பு போதும். ஐந்து இரவு வையுங்கள். தடம் இருந்தால் 1, இல்லையேல் 0. நான்காம் நாள்தான் முதல் 1 விழுந்தால், மூன்றாம் நாளோடு நிறுத்தியிருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று கேளுங்கள். காலையில் குழாயை ஆசிரியரே கையுறையோடு எடுக்க வேண்டும், எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.