குறையுடைய வீரன் கன்னன்

பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரின் பெயரைத் தாங்கியவர். பிறந்த ஊரோ சனியூர். பெயர் கண்டு மயங்குவார் உளர்.

அவர் காட்டும் கன்னன் குற்றமற்றவன் அல்லன். பரசுராமரிடம் பொய்யுரைத்துப் படைக்கலம் பயின்றான். திரௌபதிக்கு அவையில் இழைத்த கொடுமைக்கு உடந்தையானான். எனினும், குந்திக்கு அளித்த வாக்கைக் காக்க நாகக்கணையை மறுமுறை தொடுத்திலன். களத்தில் உயிர் ஊசலாடுகையில், வேதியனாய் வந்து இரந்த கண்ணனுக்குத் தன் புண்ணியம் அனைத்தையும், அம்பு தைத்த புண்ணின் குருதியையே நீராக வார்த்து ஈந்தான். குறைகளை மறைத்துப் பாடியிருப்பின் இக்கொடை நம்மை இத்துணை உருக்குமோ?

மகிழ்ந்த கண்ணன் வரம் கேட்குமாறு பணித்தான். மறுபிறவி உளதாயின், இரப்பவர்க்கு இல்லை என்னாத உள்ளமே வேண்டும் என்றான் கன்னன். உயிரை வேண்டினான் அல்லன்.