தாடைக்குப் போகும் கால் எலும்பு

அப்பா கைத்தறி நெசவாளர். வாய்ப்புற்று. கீழ்த்தாடையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்கப்போகிறார்களாம். பிறகு நடப்பாரா, தறி மிதிப்பாரா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிறவர்.
— ஒரு வாசகி, சின்னாளபட்டி

நடப்பார், பயப்படாதீர்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு. உடல் பாரத்தில் பெரும்பங்கைச் சுமப்பது உள்பக்கத்துத் தடித்த எலும்பு. எடுப்பது வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பின் நடுப்பகுதியைத்தான். கணுக்கால் ஆட்டம் காணாமலிருக்க அடியில் சில சென்டிமீட்டர் விட்டுவைப்பார்கள்; முட்டிப் பக்கமும் அப்படியே. 1989-லிருந்து தாடைக்குக் கைகொடுக்கும் எலும்பு இது.

எலும்போடு ஒரு ரத்தக்குழாயும் போகிறது. மிச்சக் குழாய்கள் பாதத்துக்குப் போதுமா என்று ஸ்கேனில் முன்பே பார்ப்பார்கள். சுருட்டு, பீடி இருந்தால் இன்றே நிறுத்தட்டும். ஒட்டுப்போட்ட குழாய்க்குப் புகை ஆகாது.

உங்கள் அப்பாவுக்கு விஷயமே பெருவிரல்தான். அதை மடக்கும் தசை பிடித்திருப்பது இதே எலும்பில். அதனால் விரல் கொஞ்ச நாள் சொன்னபடி கேட்காது. கணுக்காலும் இறுகும், வீங்கும். மருத்துவர் அனுமதித்ததும், தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டி இழுக்கச் சொல்லுங்கள். பிசியோதெரபியைத் தவறவிடாதீர்கள். தறி மிதிக்கிற கால் என்பதை, எந்தக் காலில் எடுப்பது என்று முடிவாகும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வரும் தைப்பூசத்துக்கு மட்டும் பஸ்ஸில் போகட்டும், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.