பெஞ்சில் இருப்பவருக்கும் வேலை இருக்கிறது

1999 பிப்ரவரி 6. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 4-1 என்று புரட்டிக்கொண்டிருந்தது மான்செஸ்டர் யுனைடெட். 72ஆவது நிமிடத்தில் ஓலே குன்னர் சோல்ஷேர் மாற்று வீரராக இறங்கினார். பயிற்சியாளர் தரப்பில் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: இனி கோல் தேவையில்லை, பந்து நம்மிடமே இருந்தால் போதும். 80ஆவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டார். 88இல் இன்னொன்று. ஆட்டம் முடிவதற்குள் மேலும் இரண்டு. 8-1. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று எந்த மேலாளரும் மெமோ கொடுக்க முடியாத மீறல் இது.

அந்த அணியில் சோல்ஷேர் முதல் தேர்வு அல்ல. டுவைட் யார்க்கும் ஆண்டி கோலும்தான் முன்வரிசை. மூன்றாவதாக டெடி ஷெரிங்ஹாம் வேறு. அப்படியிருந்தும் 11 ஆண்டுகளில் 366 ஆட்டங்கள், 126 கோல்கள், ஆறு பிரீமியர் லீக் பட்டங்கள் என்று கணக்கை முடித்தார். புராஜெக்ட் கிடைக்காமல் காத்திருப்பவர், பதவி உயர்வு பக்கத்து சீட்டுக்குப் போனதைப் பார்த்தவர், பெரிய கூட்டங்களில் ஓரமாக உட்கார வைக்கப்படுபவர், இவர்களெல்லாம் சோல்ஷேரின் பாதையைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம்.

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் கிறிஸ்டியான்சுண்ட் அவர் ஊர். அப்பா மல்யுத்தத்தில் நார்வேயின் சாம்பியன். பையன் 21 வயதுவரை உள்ளூர் கிளப்பான கிளௌசனெங்கனில்தான் ஆடினார். பிறகு ஒன்றரை ஆண்டு மோல்டே. 1996 ஜூலை இறுதியில் 15 லட்சம் பவுண்டுக்கு யுனைடெட் அவரை வாங்கியது. மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் அந்தக் கோடையில் விரும்பியது ஆலன் ஷியரரை. ஷியரரோ அதே வாரம் 1.5 கோடி பவுண்டுக்கு நியூகாசிலுக்குப் போய்விட்டார். பெரிய ஆளைத் தேடிய இடத்தில் வந்து சேர்ந்த சின்ன ஆள். முதல் ஆட்டத்திலேயே மாற்று வீரராக இறங்கி ஆறு நிமிடத்தில் கோல். அந்த சீசன் லீக்கில் 18 கோல். உங்களை எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் எடுத்திருக்கிறார்களா? வருந்த வேண்டாம். முதல் மாதத்தில் நீங்கள் செய்வது எல்லாமே உபரியாகத் தெரியும்.

இனி பெஞ்சுக்கு வருவோம். உட்கார்ந்திருந்த நேரத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைக் கவனித்ததாக சோல்ஷேரே சொல்லியிருக்கிறார்: யார் எங்கே இடம் விடுகிறார், எங்கே தவறுகிறார் என்று. இதை அலுவலகத்தில் செய்வது எளிது, யாரும் செய்வதில்லை. பேச வாய்ப்பில்லாத கூட்டத்தில் போனைத் தடவாமல் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு வாரமும் வேலை எந்த இடத்தில் சிக்குகிறது? வாடிக்கையாளர் எந்தக் கேள்வியை இரண்டாம் முறை கேட்கிறார்? யாருடைய பதில் வந்தால்தான் மற்றவர் நகர முடிகிறது? திடீரென்று ஒருவர் லீவில் போய் உங்களைக் கூப்பிடும்போது, பழகிக்கொள்ள அவகாசம் தர மாட்டார்கள்.

1999 மே 26, பார்சிலோனாவின் கேம்ப் நௌ மைதானம், சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். பேயர்ன் மியூனிக் ஆறாவது நிமிடத்திலேயே கோல் போட்டு முன்னிலையில் இருக்க, 81ஆவது நிமிடத்தில்தான் சோல்ஷேருக்கு அழைப்பு. இறங்கிய சூட்டோடு தலையால் முட்டிய பந்தை கோல்கீப்பர் ஆலிவர் கான் தடுத்தார். 90 நிமிடம் முடிந்து சேர்க்கப்பட்ட நேரத்தில் ஷெரிங்ஹாம் சமன் செய்தார். அடுத்து இடப்பக்கம் பேயர்ன் தடுப்பாட்டக்காரர் குஃபோரை நெருக்கி ஒரு கார்னர் வாங்கியவர் சோல்ஷேர்தான். பெக்கம் அடித்த கார்னர் ஷெரிங்ஹாமின் தலையில் பட்டு வர, காலை நீட்டி வலையின் கூரைக்குள் தள்ளினார். எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தக் கால் நீட்டல். நான் பார்க்கச் சொல்வது அதற்கு முந்தைய அரை நிமிடத்தை: கார்னரைக் கேட்டு வாங்கியதும் அவர்தான்.

சரி, பெஞ்சிலேயே இருப்பதா, கிளம்புவதா? 1998இல் டாட்டன்ஹாம் 55 லட்சம் பவுண்டு தர முன்வந்தது. யுனைடெட் சம்மதித்தும்விட்டது. போக மாட்டேன் என்றவர் சோல்ஷேர். இதை விசுவாசக் கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் சந்தேகம். விசுவாசத்தை மேடையில் புகழ்பவர் பெரும்பாலும் அதனால் மிச்சம் பிடித்தவர். சோல்ஷேர் தங்கியது சரியானதற்குக் காரணம், ஃபெர்குசன் அவரை நிஜமாகவே களமிறக்கினார். அந்த சீசனில் எல்லாப் போட்டிகளிலுமாக 18 கோல். கடந்த ஆறு மாதத்தில் உங்களுக்கு ஒரு முக்கியமான வேலையாவது கையில் வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். வரவில்லை என்றால் ரெஸ்யூமைத் தூசி தட்டுங்கள்.

2002-03இல் அவர் வலது ஓரத்திலும் ஆடினார். பிறகு 2003 செப்டம்பரில் முழங்கால் போயிற்று. மூன்று ஆண்டு அலைக்கழிப்பு, 2006இல் மீண்டும் கோல்கள், 2007 ஆகஸ்டில் 34 வயதில் ஓய்வு. ஆனால் ஆடிய காலத்திலேயே ஃபெர்குசனின் பயிற்சி முறைகளைக் குறிப்பெடுத்து வைத்திருந்தார். அடுத்த வேலைக்கான படிப்பை இப்போதைய வேலையின் செலவிலேயே முடித்துவிட்டார். யுனைடெட்டின் ரிசர்வ் அணிக்குப் பயிற்சியளிப்பதில் தொடங்கி, 2011இல் மோல்டேவின் மேலாளரானார். அந்த கிளப்பின் நூற்றாண்டு ஆண்டில் அதன் முதல் லீக் பட்டம், மறு ஆண்டு இன்னொன்று.

அதன் பிறகுதான் கார்டிஃப். 2014 ஜனவரியில், சீசன் பாதியில், பட்டியலின் அடிவாரத்தில் தத்தளித்த அணி. உரிமையாளர் வின்சென்ட் டானோடு மோதி முந்தைய மேலாளர் மால்கி மெக்கே வெளியேற்றப்பட்டிருந்தார். காலங்காலமாக நீலம் உடுத்திய அணிக்கு ரசிகர்கள் எதிர்த்தும் சிவப்புச் சட்டை மாட்டியவர் அந்த உரிமையாளர். மே மாதம் கார்டிஃப் கடைசி இடத்தில் முடித்துக் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. செப்டம்பரில் சோல்ஷேரும் போனார். நேர்காணலில் சம்பளம் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது: இந்த நாற்காலியில் முன்பு இருந்தவர் ஏன் போனார்? முடிந்தால் போனவரிடமே கேளுங்கள். ஹெச்.ஆர். சொல்லும் பதில் கணக்கில் சேராது.

2018 டிசம்பரில் யுனைடெட் அவரைத் தற்காலிக மேலாளராகக் கூப்பிட்டது. நம் அலுவலகங்களில் பெயருக்குப் பின்னால் ‘பொறுப்பு’ என்று போடுவார்களே, அந்த நிலைமை. முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. பாரிசில் பிஎஸ்ஜியை 3-1 என்று வீழ்த்தினார். 19 ஆட்டங்களில் 14 வெற்றி கண்டதும், மார்ச் 28இல் பதவியை நிரந்தரமாக்கினார்கள். அந்த சீசனில் மீதமிருந்த 10 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு. கடைசி ஆட்டத்தில் தோற்றது யாரிடம்? கார்டிஃபிடம்.

பொறுப்பில் இருக்கும்போது உங்களைப் போனவரோடு ஒப்பிடுவார்கள், அது சாதகம். நிரந்தரமான மறுநாள் முதல் அவர்கள் மனதில் உள்ள கனவோடு ஒப்பிடுவார்கள். 2020-21இல் லீக்கில் இரண்டாம் இடம், யூரோப்பா லீக் இறுதியில் வில்லாரியலிடம் பெனால்டியில் 11-10 என்று தோல்வி. கோப்பை இல்லை. ஆகவே, ‘பொறுப்பு’ என்ற சொல்லை எடுக்கும் நாளிலேயே எதை வெற்றி என்று கொள்வீர்கள், எத்தனை மாதம் தருவீர்கள், ஆள் எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். அன்று உங்களுக்கு இருக்கும் பேரம் பேசும் பலம் பிறகு கிடைக்காது.

2021 ஜூலையில் அவருக்கு 2024 வரை புதிய ஒப்பந்தம் கொடுத்தார்கள். நவம்பர் 20 அன்று வாட்ஃபோர்டிடம் 4-1 தோல்வி. மறுநாள் காலை வேலை இல்லை. ஒப்பந்தத்தில் ஆண்டு எத்தனை என்று பார்ப்பதற்கு முன், நோட்டீஸ் காலம் எவ்வளவு, அனுப்பினால் என்ன தருவார்கள் என்ற பக்கத்தைப் படியுங்கள்.