நினைவைக் காக்கும் வட்டுகள்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர்)

‘ரெய்டு’ என்றதும் எங்கள் கோடம்பாக்கத்தில் வருமான வரிச் சோதனைதான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அதைப் பற்றியன்று. கணிப்பொறியில் பல வன்தட்டுகளை இணைத்து வேலை வாங்கும் முறைக்கும் அதே பெயர்தான்.

தோற்றம்

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில் 50 தகடுகள் இருந்தன. அது கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துகளே. இன்று கையில் அடங்கும் 8 டெராபைட் வட்டு அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கு மேல் கொள்ளும். ஆயினும், சுழலும் பொருள் ஒருநாள் நின்றே தீரும். மலிவான பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் செய்தி அழியாதவாறு அமைக்கலாம் என்று 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் எடுத்துக் காட்டினர்.

வகைகள்

ரெய்டு 0: செய்தியைத் துண்டாக்கி இரு வட்டுகளில் பகிர்ந்தெழுதும். வேகம் மிகும், ஆனால் ஒன்று போனால் எல்லாம் போகும்.

ரெய்டு 1: ஒரே செய்தியை இரண்டிலும் எழுதும். கண்ணாடி போன்றது. இரண்டின் விலைக்கு ஒன்றின் இடமே கிடைக்கும்.

ரெய்டு 5: குறைந்தது மூன்று வட்டுகள் வேண்டும். முதல் வட்டில் 1, இரண்டாவதில் 0 எனக் கொள்வோம். 1-களின் மொத்தம் இரட்டைப்படை ஆகுமாறு மூன்றாவதில் 1 எழுதப்படும். முதல் வட்டு பழுதானால், மீதி 0-வும் 1-உம் இருப்பதைக் கொண்டு, தொலைந்தது 1 என்று கணக்கிட்டு விடலாம். பள்ளிக் கணக்கில் விடுபட்ட எண்ணைக் கண்டுபிடிப்பது போன்றதே இது.

எங்கள் வீட்டுத் திட்டம்

என் தந்தையார் படப்பிடிப்புத் தளங்களில் லைட்மேன். மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால், கணிப்பொறிப் பொறுப்பு என்னிடம் வந்தது. காமிரா நொடிக்கு 100 மெகாபிட் பதிகிறது, அதாவது 12.5 மெகாபைட். ஒரு மணிக்கு 45 ஜிகாபைட். இரு காமிராக்கள், நான்கு மணி நேரம்: ஒரு கல்யாணத்துக்கு 360 ஜிகாபைட். பதினைந்து கல்யாணத்துக்கு 5.4 டெராபைட். எனவே 8 டெராபைட் வட்டுகள் இரண்டை வாங்கி, ரெய்டு 1 முறையில் அமைத்தேன். “இனிக் கவலை வேண்டாம் மாமா” என்றேன். “நீ படிச்ச பிள்ளை, சொன்னா சரிதான்” என்றார்.

நேர்ந்த பிழை

ஒரு முகூர்த்த மாதத்தில் இடம் போதவில்லை. பழைய கோப்புகளை அழித்தபோது, என் அக்காள் கல்யாணக் காட்சிகளையும் சேர்த்து அழித்துவிட்டேன். அறியாமல் அதே இடத்தில் புதியவற்றைப் பதித்தும் விட்டேன். நான் இட்ட கட்டளையை இரு வட்டுகளும் ஒரே நேரத்தில் தவறாது நிறைவேற்றியிருந்தன! காலமாகிவிட்ட எங்கள் பாட்டி நலங்குப் பாட்டுப் பாடிய காட்சி அதில் மட்டுமே இருந்தது. மாமா என்னைத் திட்டவில்லை. அம்மாதான், “அந்தக் குரல் இனிக் கிடைக்குமாடா?” என்று ஒருமுறை கேட்டாள்.

பாடம்

ரெய்டு, வட்டுப் பழுதிலிருந்து காக்கும். நம் கைப்பிழையிலிருந்து காக்காது. வைரஸ், திருட்டு, 2015 டிசம்பரில் சென்னை கண்ட வெள்ளம் ஆகியவை வந்தால் ஒரே பெட்டியிலுள்ள இரு வட்டுகளும் ஒன்றாகவே போகும். எனவே மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒரு படி வேறு வீட்டில் இருக்க வேண்டும். இப்போது மாதம் ஒருமுறை மூன்றாவது வட்டில் படியெடுத்து, அதைத் தாம்பரத்தில் அத்தை வீட்டுப் பீரோவில் வைக்கிறோம். அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தும் பார்க்கிறோம். திறந்து பாராத படியை நம்பலாகாது.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931-இல் வெளிவந்தது. அதன் படச்சுருள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. படம் எடுக்கக் கற்ற ஊர், காக்கவும் கற்க வேண்டாமா?

நண்பர்களே, படித்த பிள்ளை சொன்னால் சரி என்று நம்பும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். “கவலை வேண்டாம்” என்று சொல்லுமுன், நாம் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுச் சொல்வோமாக!