தூதும் யுத்தக் கடனும்

தூதர் இருவகையினர் என்பது நம் பழைய உரையாசிரியர் கொள்கை. காலமும் இடமும் ஆராய்ந்து தாமே வகுத்துரைப்பவர் ஒருவகை. அரசன் கூறியதை அவ்வாறே கூறுபவர் மற்றொருவகை. தந்தியும் தொலைபேசியும் வந்தபின் முதல்வகையினர்க்கு வேலையுண்டோ என ஐயுறுவாரும் உளர். 1930 முதல் 1939 வரை வாஷிங்டனில் பிரிட்டிஷ் ஸ்தானாபதியாயிருந்த ஸர் ரானல்ட் லிண்ட்ஸேயின் வரலாற்றைக்கொண்டு இவ்வையத்தை நாம் தீர்த்துக்கொள்ளலாம்.

முதல் மகாயுத்தத்தில் பிரிட்டன் அமெரிக்காவிடம் பட்ட கடன், 1923-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் 460 கோடி டாலர் என வரையறுக்கப்பட்டது. அதனை 62 ஆண்டுகளில் தீர்த்தல்வேண்டும். பின்னர்ப் பொருளாதார மந்தம் உலகைச் சூழவே, 1931-ல் ஜனாதிபதி ஹூவர் ஓராண்டுத் தவணையை நிறுத்திவைத்தார். 1932-ல் லோஸான் மகாநாட்டினர் ஜெர்மனியின் நஷ்டஈட்டை ஏறக்குறையக் கைவிட இசைந்தனர். வரவு நின்றபின் கடனையும் குறைத்தலே முறை என்றனர் ஐரோப்பியர். தம் குடிகளிடம் பத்திரம் விற்றுத் திரட்டிக் கொடுத்த பணத்தை விடுவதெங்ஙனம் என்றனர் அமெரிக்கர். இருபுறத்தும் நியாயம் இருந்தமையாலேயே தூதரின் பணி அரிதாயிற்று.

1932 நவம்பரில் கடனை மறுபடி ஆராயுமாறு லிண்ட்ஸே வாயிலாகப் பிரிட்டன் வேண்டிற்று, அமெரிக்கா இசையவில்லை. டிசம்பர் 15-ல் பிரிட்டன் 9.55 கோடி டாலரைப் பொன்னாகச் செலுத்திற்று. பிரான்ஸோ செலுத்தாது நின்றது. 1933 ஜனவரியில், இன்னும் பதவியேற்காத ரூஸ்வெல்ட்டை லிண்ட்ஸே வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரிற் கண்டு உரையாடினார். பின் கப்பலேறி லண்டன் சென்று தம் மந்திரிகளுக்கு அந்நாட்டு நிலையை நேரில் எடுத்துரைத்தார். தந்தியொன்றே போதுமாயின் இப்பயணம் எதற்கு? தம்மவர் கருத்தை அயலார்க்கு உரைப்பது தூதின் ஒரு பாதி; அயலார் மனத்தைத் தம்மவர்க்கு உணர்த்துவதே மறுபாதி.

1933 ஜூனில் கடனை ஒப்புக்கொண்டமைக்கு அடையாளமாக 1 கோடி டாலர் வெள்ளியாகச் செலுத்தப்பட்டது. அவ்வெள்ளி இந்திய அரசாங்கத்தாரிடமிருந்து வாங்கியதென்பது நாம் கருதத்தக்கது. டிசம்பரில் மீண்டும் 75 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. 1934 ஏப்ரலில், தவணை தவறிய அரசுகளுக்குப் புதுக்கடன் கொடுத்தலைத் தடுக்கும் ஜான்ஸன் சட்டம் பிறந்தது. இனிச் சிறுதொகை கொடுத்துத் தப்ப இயலாதென்று கண்ட பிரிட்டன், கடனை மறுக்கவில்லை, நிறுத்திவைக்கிறோம் என அவ்வாண்டு ஜூனில் அறிவித்தது. கொடுத்துவந்த சிறுதொகையும் அத்தோடு நின்றது.

ஆயின் லிண்ட்ஸே தோற்றாரா? கடன் தீரவில்லை, உறவும் முறியவில்லை. 1939 ஜூனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் அமெரிக்கா சென்றபோது வாஷிங்டனில் ஸ்தானாபதியாயிருந்து வரவேற்றவர் அவரே. மூன்று மாதங்களில் மீண்டும் போர் மூண்டது. அந்நட்பின் அருமை அப்பொழுது விளங்கிற்று. தீராத வழக்கிலும் பேச்சு அறாமற் காப்பதே வகுத்துரைப்பான் தொழில் என்பது இதனால் நாம் கற்கும் பாடம்.