ஊழியக்காரர்: பட்டமா, பணியா?

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் அரசு ஊழியர், வங்கி ஊழியர், ரயில்வே ஊழியர் என்று சொல்கிறோம். வேலை செய்கிறவர் என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை. அதே சொல் சபைக்குள் நுழைந்தவுடன் எடை கூடிவிடுகிறது. "ஊழியக்காரர் வருகிறார்" என்றால் தனி நாற்காலி போடுகிறோம், சால்வை வாங்குகிறோம், சுவரொட்டியில் அவர் படத்தைப் பெரிதாக அச்சிடுகிறோம். வேலையாளைக் குறிக்கும் ஒரு சொல் எப்படிப் பட்டமாயிற்று? வேதாகமம் அச்சொல்லால் எதைச் சொல்கிறது?

வெளிமாநிலத்தில் சிறு கூட்டமாகக் கூடி ஆராதிக்கும் நமக்கு இக்கேள்வி அவசியமானது. யார் செயலாளர், யார் பொருளாளர் என்ற போட்டியில் ஒரே ஜெப ஐக்கியம் இரண்டாகி, ஒரே தெருவில் இரண்டு இடங்களில் கூடுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பிற சமயத்து அன்பர்களும் இதை வாசிக்கலாம். சங்கம், குடியிருப்போர் சபை, கூட்டுறவுச் சங்கம் என எங்கும் எழுகிற கேள்விதான் இது.

1. சொல்லின் பொருள்

புதிய ஏற்பாடு கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. அதில் இரண்டு சொற்களை நாம் அறிந்திருப்பது நல்லது. ஒன்று 'டியாகோனோஸ்'. பந்தியில் பரிமாறுகிறவன், பணிவிடை செய்கிறவன் என்று பொருள். சில சபைகளில் வழங்கும் 'டீக்கன்' என்ற பதவிப் பெயர் இதிலிருந்து வந்ததே. மற்றொன்று 'டூலோஸ்'. இதன் நேர்ப்பொருள் அடிமை. தன் நேரமும் உழைப்பும் தனக்குச் சொந்தமில்லாதவன்.

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்திலேயே பவுல் தம்மை 'டூலோஸ்' என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அங்கே 'ஊழியக்காரன்' என்கிறது. பிலிப்பியர் 2:7இல் கிறிஸ்து எடுத்த ரூபத்தைக் கூறும்போது அதே கிரேக்கச் சொல்லை 'அடிமை' என்று மொழிபெயர்க்கிறது.

தமிழிலும் ஊழியம் என்பது உயர்ந்த சொல்லாக இருந்ததில்லை. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஏழை எளியோரிடம் கூலியின்றிக் கட்டாயமாக வாங்கப்பட்ட வேலைக்கு 'ஊழியம்' என்றே பெயர். நாம் இன்று மேடையில் பெருமையாகச் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் இந்தச் சுமை இருக்கிறது.

2. ராஜாவுக்குக் கிடைத்த ஆலோசனை

ஆள்கிறவன் பணிவிடை செய்ய வேண்டும் என்பது புதிய ஏற்பாட்டில் புதிதாகத் தோன்றிய கருத்தன்று. 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். சாலொமோன் இறந்த பின் ஜனங்கள் சீகேமில் கூடி, அவன் குமாரன் ரெகொபெயாமிடம் தங்கள் நுகத்தை இலகுவாக்கும்படி கேட்கிறார்கள். அவன் மூன்று நாள் தவணை கேட்கிறான். சாலொமோனுக்கு ஆலோசனை சொல்லி வந்த முதியவர்கள், "இன்று நீர் இவர்களுக்குச் சேவகனானால் இவர்கள் என்றும் உமக்குச் சேவகராயிருப்பார்கள்" என்ற கருத்தைச் சொல்கிறார்கள். கூட வளர்ந்த வாலிபர்களோ நுகத்தை இன்னும் பாரமாக்கச் சொல்கிறார்கள். ரெகொபெயாம் இரண்டாவது ஆலோசனையை ஏற்றான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின. ஒரு கடுமையான பதிலில் ராஜ்யமே இரண்டானது.

3. வலது பக்கம், இடது பக்கம்

மாற்கு 10:35 முதல் 45 வரை நம் பாடத்தின் மையம். யாக்கோபும் யோவானும் இயேசுவின் மகிமையில் வலது பக்கமும் இடது பக்கமும் உட்கார இடம் கேட்கிறார்கள். மற்றப் பத்துப்பேரும் எரிச்சலடைகிறார்கள். அவர்கள் கண்ணும் அதே ஆசனங்களின் மேல் இருந்திருக்கலாம். தாம் பாடுபட்டு மரிக்கப் போவதை இயேசு சொல்லி முடித்த உடனே இந்த விண்ணப்பம் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாகவும், முதல்வனாக விரும்புகிறவன் எல்லாருக்கும் ஊழியக்காரனாகவும் இருக்க வேண்டும் என்று இயேசு விடை தருகிறார். முன் சொன்ன இரண்டு கிரேக்கச் சொற்களும் இங்கே அடுத்தடுத்து வருகின்றன. முதலில் பரிமாறுகிறவன், அடுத்து அடிமை. மேலே ஏற விரும்புகிறவனுக்கு ஒவ்வொரு படியும் கீழ்நோக்கியே அமைகிறது.

4. துண்டும் தண்ணீரும்

யோவான் 13இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். புழுதிச் சாலையில் செருப்புடன் நடந்த காலம் அது. கால் கழுவுவது வீட்டின் கடைசி வேலையாளுக்குரிய வேலை. 3ஆம் வசனத்தை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். பிதா யாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று அறிந்த நிலையிலேயே இயேசு எழுந்து துண்டை அரையில் கட்டினார். தாழ்வு மனப்பான்மையால் அவர் குனியவில்லை. தாம் யார் என்பதை அறிந்திருந்தபடியால் குனிய முடிந்தது. தன் மதிப்பை நாற்காலியிலிருந்து பெறுகிறவனுக்கு அந்த நாற்காலியை விட்டு எழுவது கடினம்.

5. பந்தி விசாரணை

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் புலம்பெயர்ந்த நமக்கென்றே எழுதியது போலிருக்கிறது. எருசலேம் சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய யூதர்களின் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் பன்னிருவரும் முறையிட்டவர்களை அடக்கவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான் முதலான அந்த ஏழு பேருடைய பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். எந்தத் தரப்புக்குக் குறை நேர்ந்ததோ, பொறுப்பு அந்தத் தரப்பை நம்பி ஒப்படைக்கப்பட்டதாகத் தெரிகிறது.

இன்னொரு செய்தி. பந்தி விசாரிப்பதற்கும், வசனத்தைப் போதிப்பதற்கும் மூலமொழியில் ஒரே வேர்ச்சொல்தான் வருகிறது. இரண்டும் 'டியாகோனியா'. பிரசங்கம் உயர்ந்த ஊழியம், பாய் விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் சில்லறை வேலை என்ற பாகுபாடு நாம் உண்டாக்கியது.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு இது எளிதில் விளங்குகிறது. கீமேன் என்ற தொழிலாளி வெயிலிலும் பனியிலும் தன் பகுதிக்குரிய தண்டவாளத்தை நாள்தோறும் நடந்தே பார்த்து, தளர்ந்ததை இறுக்குகிறார். ரயிலில் தூங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. அவருக்கு மேலுள்ள அதிகாரிகளுக்கோ பதவி உயர உயர, பொறுப்பேற்க வேண்டிய கிலோமீட்டர்கள் கூடுகின்றன. மேலே இருப்பவன் அதிகம் பேருக்குக் கடமைப்பட்டவன். சபையிலும் அப்படியே.

6. வேலூரில் ஒரு குறிக்கோள்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாசகம் மாற்கு 10:45ஐ ஒட்டியது. பணிவிடை கொள்ள அல்ல, பணிவிடை செய்ய என்பதே அதன் கருத்து. அதை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் முதலில் இந்தியாவில் தங்க விரும்பியவரல்லர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவ வேதனையிலிருந்த பெண்களுக்காக அவரை அழைத்தார்கள். அவரோ அப்போது மருத்துவம் படிக்காதவர். மருத்துவரான அவர் தந்தையை ஆண் என்பதால் அந்த வீடுகளில் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். ஒரே படுக்கையுடன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஏற்படுத்தினார். இன்று கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வேலூருக்கு ரயிலேறுகிறார்கள். எந்தத் தேவைக்குத் தம்மால் உதவ முடியாமற் போயிற்றோ அதற்கே அவர் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டார். இதுவும் ஊழியத்தின் இலக்கணம்.

7. தவறாகக் கொள்ள வேண்டாம்

அ) ஊழியம் என்பது எல்லாருக்கும் தலையாட்டுவதன்று. கால்களைக் கழுவிய இயேசுவே தேவாலயத்தில் வியாபாரிகளைத் துரத்தினார். மனுஷரைப் பிரியப்படுத்தப் பார்த்தால் தாம் கிறிஸ்துவின் ஊழியக்காரனல்ல என்ற கருத்தைப் பவுல் கலாத்தியர் 1:10இல் எழுதுகிறார். கணக்கில் தவறு கண்டால் கேட்க வேண்டியது ஊழியக்காரனின் கடமை.

ஆ) இந்தப் போதனை முதலில் ஆசனம் தேடியவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஏற்கெனவே குனிந்து உழைப்பவர்களை இன்னும் குனியச் சொல்ல இதைப் பயன்படுத்தக்கூடாது. ஒவ்வொரு விழாவிலும் சமையற்கட்டிலேயே நிற்கும் நம் சகோதரிகளிடம் தாழ்மையைப் பிரசங்கிப்பதைவிட, கமிட்டியார் கரண்டியை வாங்கிக்கொண்டு அவர்களைப் பந்தியில் உட்கார வைப்பது வேதத்துக்கு ஏற்றது.

இ) ரோமர் 16:1இல் பெபேயாள் என்ற பெண்ணைக் கெங்கிரேயா சபையின் 'டியாகோனோஸ்' என்கிறார் பவுல். ஊழியம் ஆண்களின் தனிச் சொத்தன்று.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் ஐக்கியத்தில் புதிதாக ஊருக்கு வரும் தமிழ்க் குடும்பத்தை ரயில் நிலையத்தில் வரவேற்பவர் யார்? அவர் பெயர் எந்த அறிக்கையிலாவது வந்திருக்கிறதா?
2. நம் கூட்டத்தில் விடுபட்டுப் போகிறவர்கள் யார்? அவர்களில் ஒருவருக்கு நாம் பொறுப்புக் கொடுத்திருக்கிறோமா?
3. அடுத்த தேர்தலில் எனக்குப் பதவி கிடைக்காவிட்டால், இப்போது செய்யும் வேலைகளில் எவற்றைத் தொடர்ந்து செய்வேன்?

மூன்றாம் கேள்விக்கு ஒரு தாளில் விடை எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் மிஞ்சுவதே நம்முடைய ஊழியம்.